சுழிச் சுழியாய் ஒரு பரீட்சைத் தாள்

பள்ளிக்கூடத்து ஆயா வேலை என்றால் மணி அடிப்பது, பானையில் தண்ணீர் நிரப்புவது, பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பது என்று மூன்றோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்து வந்தேன். ஜூன் மாதத்தில் பெற்றோர்களைச் சமாளிப்பது நாலாவது வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு, எந்த மீடியம் என்று ஒன்றும் புரியாமல் தலைமையாசிரியை அறை வாசலில் கால் கடுக்க நின்ற தாய்மார்களே, தகப்பன்மார்களே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படி நின்றவள்தான். ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் வேலை கிடைத்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்று பிள்ளைகளோடு வந்து இறங்கினோம். குவார்ட்டர்ஸ் பாதி கட்டியும் பாதி கட்டாமலும் இருந்தது. ரோட்டோரத்து மரமெல்லாம் என் இடுப்பு உயரம்தான். நான் எட்டாவது வரை படித்திருந்தேன். எங்கள் பிளாக் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. இந்தப் பக்கத்தில் பாட்டியைத்தான் ஆயா என்பார்கள். எனக்கோ அப்போது முப்பத்தொரு வயது. முருகன் கொடுத்த வேலை என்று விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, முப்பத்தொரு வயதிலேயே ஊருக்கெல்லாம் ஆயாவாகிவிட்டேன்.

பிறந்த தேதி

அட்மிஷன் பாரத்தில் முதல் தடங்கல் பிறந்த தேதிதான். அந்தக் காலத்தில் பிறப்பு சர்டிபிகேட் வைத்திருந்தவர்கள் குறைவு. ஒரு நாள் காலையில், சுரங்கத்தில் மிஷின் ஓட்டுகிற ஒருவர் ஷிப்ட் முடித்த கையோடு பையனைச் சேர்க்க வந்தார். முறை வருவதற்குள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அப்பா கீழே விழுந்துவிடாமல் இருக்க, பையன் அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான். நான்தான் தட்டி எழுப்பி உள்ளே அனுப்பினேன். எங்கள் தலைமையாசிரியை அம்மாவைப் பிள்ளைகள் முதல் நாங்கள் வரை எல்லாருமே பெரிய டீச்சர் என்போம். பெரிய டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பையன் எந்தத் தேதியில் பிறந்தான் என்று கேட்டார். மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "தேதி ஞாபகம் இல்லீங்க டீச்சர். ஆனா அன்னிக்கு எனக்கு பி ஷிப்ட்டு. அத வச்சி கண்டுபிடிக்க முடியாதுங்களா?"

சொந்த ஊர்

அடுத்த கட்டம், சொந்த ஊர். மதுரை, தஞ்சாவூர், பாலக்காடு, சித்தூர் என்று ரிஜிஸ்டரின் ஒரு பக்கம் முழுவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஊர்களாக இருக்கும். ஒரு நாள் கதர்த்துண்டு போட்ட ஒருவர், கஞ்சி மொடமொடப்பு போகாத புதுப் பாவாடையில் ஒரு சின்னப் பெண்ணை அழைத்து வந்தார். ஊர்ப் பெயரைச் சொன்னார். பெரிய டீச்சர் அப்போதுதான் கும்பகோணத்திலிருந்து வந்தவர். அப்படி ஓர் ஊரைக் கேள்விப்பட்டதில்லை. எந்தப் பக்கம், பஸ் போகுமா என்று விசாரித்தார். அந்த மனிதர் கோபப்படவில்லை, வருத்தமாகவும் பேசவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் கையை நீட்டிக் காட்டினார்.

"அதோ மலையாட்டம் மண்ணு கொட்டிக்கினு இருக்காங்களே, அதுக்கு இந்தாண்ட இருந்திச்சிங்க. எங்க வூடு, கொல்லை எல்லாம் இப்ப சொரங்கத்துப் பள்ளம். பஸ்ஸெல்லாம் போவாதுங்க. இந்தப் பொண்ணுதான் போவணும், நல்லா படிச்சி, அதே பள்ளத்துக்கு ஆபீசரா!"

தலைகீழாகப் பிடித்த சர்டிபிகேட்

அறுபத்து நாலோ அறுபத்தைந்தோ, எனக்குச் சரியாக நினைவில்லை. பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம். பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதமாகியிருக்கும். காத்தமுத்து என்று ஒரு வெல்டர், மனைவி வள்ளியம்மை, மகள் செண்பகம் மூன்று பேரும் வந்து நின்றார்கள். அவருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு கன்னத்திலும் சந்தனம் மாதிரி எதையோ வட்டமாகப் பூசியிருந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார்களாக்கும் என்று, எந்தக் கோயில் என்று கேட்டேன். அது பர்மாவில் வெயிலுக்குப் பூசுகிற ஒரு மரப்பட்டையாம். கூடக் கொண்டுவந்த கட்டை தேய்ந்து தீருகிற வரைக்கும் பூசிக்கொள்வாள் என்று அவள் அம்மா வெட்கத்தோடு சொன்னாள்.

காத்தமுத்து மடித்த ரப்பர் துணிக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். காகிதம் முழுக்கச் சுழிகள். அரைச் சுழி, முழுச் சுழி, இரட்டைச் சுழி, வால் வைத்த சுழி. பெரிய டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலிருந்து கீழாகப் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், ஒரு தடவை தலையைக்கூட ஆட்டினார். காத்தமுத்து தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, காகிதத்தை மெதுவாகத் திருப்பிக் கையில் கொடுத்தார். அவ்வளவு நேரமும் டீச்சர் தலைகீழாகப் பிடித்திருந்தார். செண்பகம் அங்கே ஐந்தாவது பாஸ் என்று அதில் இருக்கிறதாம். அவர்கள் இருந்தது சின்ன ரைஸ்மில் ஊர். அங்கே பர்மியப் பள்ளிக்கூடம்தான். வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் தகப்பனுக்கும் மகளுக்கும் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது.

பெரிய டீச்சர் பாவம், என்ன செய்வார்? எழுத்துத் தெரியாத பெண்ணை ஆறாம் வகுப்பில் போட முடியாது. பன்னிரண்டு வயதுப் பெண்ணை ஒன்றாம் வகுப்பிலும் போட மனம் வரவில்லை. கடைசியில் ஓர் ஏற்பாடு சொன்னார். காலையில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொள்ளட்டும். மத்தியானம் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து காதால் கேட்கட்டும். காலாண்டுப் பரீட்சையில் ஆறாம் வகுப்புக் கணக்கும் சரித்திரமும் எழுதிப் பாஸானால் ஆறாம் வகுப்பு. இல்லையென்றால் இரண்டாம் வகுப்பிலிருந்து ஏறி வர வேண்டியதுதான். காத்தமுத்து மனைவியைப் பார்த்தார். செண்பகம்தான் வாயைத் திறந்தாள்: "பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குங்க டீச்சர்?"

ஆளுக்கு ஒரு யோசனை

பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யாரிடமாவது நீங்கள் யோசனை கேட்டதுண்டா? கேட்காமலே நாலு பேர் சொல்லியிருப்பார்களே, அதைத்தான் சொல்கிறேன். வள்ளியம்மைக்கும் வந்து குவிந்தது. இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தால் எட்டாவது முடிக்க இவளுக்குப் பத்தொன்பது வயதாகிவிடும், அதுவரைக்கும் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப எந்தக் குடும்பத்தில் சம்மதிப்பார்கள் என்பதுதான் அவளுக்கு இருந்த பயம். ஆபீசர் வீட்டம்மா ஒருத்தர், இங்கிலீஷ் மீடியத்தில் போடு, அங்கே எல்லாப் பிள்ளைக்கும் எழுத்துப் புதுசுதான் என்றார். பக்கத்து லைனில் இருந்த தெலுங்குக்கார அம்மா, "அதெல்லாம் ஒத்தும்மா, வேணாம். என் பையன் ஆறு மாசத்துல தமிழ் பேசறான். இப்ப என்னைத் திட்டினா எந்த பாஷையில திட்டறான்னே எனக்குத் தெரியல. குழந்தைங்களுக்கு தானா வந்துரும்" என்று தைரியம் சொன்னார். ராமநாதபுரத்துச் சொந்தக்காரர்கள், பெண்ணை அனுப்பி வை, இங்கே கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது என்று கடிதம் போட்டார்கள்.

கூட்டுறவுக் கடை வரிசையில் வள்ளியம்மை என் பின்னால் நின்றபோது இதையெல்லாம் சொல்லிக் கண் கலங்கினாள். எனக்கு என்ன தெரியும்? வெள்ளிக்கிழமை வடலூருக்குப் போய் ஜோதி முன்னால் அந்தப் பெண்ணுக்காக வேண்டிக்கொள்கிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், பிளாக்கில் தையல் வகுப்பு நடக்கிறதே, அதுவும் நல்லதுதானே என்று சொல்லிவிட்டேன். வள்ளியம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கப்பல்ல இவ்வளவுதான் ஏத்தலாம்னு சொன்னப்ப, என் தையல் மிஷினா அவ பொஸ்தக மூட்டையான்னு வந்துச்சுக்கா. அவுக அப்பா மிஷினைத்தான் இறக்கி வச்சாக. இப்ப போயி அவளை எப்படித் தையல் கத்துக்கன்னு சொல்லுவேன்?"

ஒன்றாம் வகுப்பில் கடைசி வரிசை

முதல் நாள் காலையில் செண்பகம் ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்ததும், பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்று "வணக்கம் டீச்சர்!" என்று ராகம் போட்டார்கள். வேறு பெண்ணாயிருந்தால் அழுதுகொண்டே வெளியே வந்திருப்பாள். இவள் கைகூப்பி வணக்கம் சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். முழங்கால் தாடையில் இடித்தது. அந்த இரண்டு மாதமும் எனக்குப் பாதி வேலை மிச்சம். பக்கத்துப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் இவளே துடைத்துவிடுவாள், பலகையை ஒழுங்காக அடுக்குவாள், திரும்ப வந்து ஆனா எழுதுவாள். பழக்கதோஷம், எந்த எழுத்தை எழுதினாலும் கை வட்டமாகத்தான் போகும். அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள்.

ஒரு நாள் சிலேட்டுத் துடைக்கிற ஈரத்துணி கொண்டுபோனேன். ஐந்து வயதுப் பெண் ஒன்று இவள் சிலேட்டை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. பெரிய மனுஷி மாதிரி பெருமூச்சு ஒன்று விட்டது. செண்பகத்தின் தோளில் கை வைத்துச் சொன்னது: "இம்மாம் பெரிசா வளந்துகினு உனக்கு ஆனா தெரியலியேக்கா. பரவால்ல, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

சரித்திர வகுப்பில் கோலம்

ஆறாம் வகுப்பில் சரித்திரம் எடுத்த வாத்தியார் கண்டிப்பானவர். அவர் வகுப்பில் எறும்பு ஊர்ந்தாலும் கேட்கும். ஒரு நாள் மத்தியானம் சுற்றறிக்கையில் கையெழுத்து வாங்க நான் போனபோது, செண்பகம் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. வாத்தியார் அவள் நோட்டை என் முன்னால் நீட்டினார். "பாருங்க ஆயாம்மா, முக்கால் மணி நேரமா நான் தொண்டை கிழியப் பாடம் நடத்தறேன், இவ குனிஞ்ச தலை நிமிராம சுழிச் சுழியாக் கோலம் போட்டுக்கிட்டிருக்கா!" நோட்டில் ஒரு பக்கம் முழுக்க, அன்றைக்கு சர்டிபிகேட்டில் பார்த்த அதே சுழிகள்.

"கோலம் இல்ல சார். நீங்க சொன்னதுதான்" என்றாள் செண்பகம்.

"நான் சொன்னதா? எங்கே, வாசி பார்ப்போம்!"

அவள் பெஞ்சின் மேல் நின்றபடியே நோட்டை வாங்கி வாசிக்க ஆரம்பித்தாள். தமிழ் வார்த்தைகளைக் காதால் கேட்டுக் கேட்டுப் பர்மிய எழுத்தில் பிடித்து வைத்திருந்தாள். "கரிகாலன் காவிரியின் குறுக்கே கல்லணையைக் கட்டினான். அது இன்றைக்கும் உறுதியாக நிற்கிறது. கடைசி பெஞ்சில் எவன்டா பட்டாணி தின்கிறது? இமயமலையில் புலிக்கொடியைப் பொறித்தான்." வகுப்பே கொல்லென்று சிரித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, முந்தானையால் மூடிக்கொண்டேன். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. அந்த நோட்டை வாங்கி, ஒன்றும் புரியாத அந்தச் சுழிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கீழே இறங்கி உட்காரும்மா. நாளையிலேர்ந்து பட்டாணியை மட்டும் விட்டுட்டு எழுது."

தகப்பனார் வாசித்தது

காலாண்டுப் பரீட்சை வந்தது. கணக்கில் அவள் சுலபமாகப் பாஸாகிவிட்டாள். சரித்திரப் பரீட்சையன்று நான் தண்ணீர்க் குவளையோடு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தேன். கரும்பலகையில் எழுதிப் போட்ட கேள்விகளைச் செண்பகம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். ஆனால் அவள் தமிழில் இரண்டு வரி எழுதுவதற்குள் மற்றப் பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள். ஒரு தடவை நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் பேனா விறுவிறுவென்று ஓட ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தேன். சுழிகள்.

மறுநாள் காலையில் வாத்தியார் அந்தத் தாளைப் பெரிய டீச்சர் மேஜையில் வைத்து, இதை நான் எப்படித் திருத்துவேன் என்று கேட்டார். செண்பகத்தைக் கூப்பிட்டார்கள். "தமிழ்லதான் எழுதியிருக்கேன் டீச்சர். எழுத்துதான் வேற" என்றாள். டீச்சர் அவளை வாசிக்கச் சொல்லி, அவள் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டார். ஒரே ஓர் இடத்தில், "கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டியவன் ராஜராஜன்" என்று வாசித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராஜேந்திரன் என்று இருந்திருக்க வேண்டும். அவசரத்தில் தப்பாக எழுதியிருக்கிறாள். ஆனாலும் மாற்றாமல் மேலே போனாள். மற்றதெல்லாம் சரி. வாத்தியாருக்குச் சந்தேகம் தீரவில்லை. எழுதாததையெல்லாம் இப்போது சேர்த்துச் சொல்கிறாளோ என்னவோ, நமக்கு எப்படித் தெரியும் என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

"எங்கப்பாவுக்கு இந்த எழுத்து தெரியும் சார். அவரை வாசிக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ஒண்ணாம் வகுப்புலயே இருக்கேன், அவர்கிட்ட பேச மாட்டேன்" என்றாள் செண்பகம். இரண்டு பேர் வாசிப்பதும் ஒத்துப்போனால் மார்க்கு, ஒரு பதில் மாறினாலும் இரண்டாம் வகுப்பு என்று முடிவாயிற்று.

இரண்டு மணிக்கு ஷிப்ட் பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு நான்தான் போனேன். எதையும் சொல்லக்கூடாது என்று உத்தரவு. காத்தமுத்து இறங்கினார். சட்டை முழுக்க வெல்டிங் பொறி பட்ட ஓட்டைகள். டீச்சர் கூப்பிடுகிறார்கள் என்றதும் முகம் மாறிவிட்டது. "புள்ளை ஏதும் தப்புப் பண்ணிருச்சாக்கா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். நான் விறுவிறுவென்று முன்னால் நடந்தேன்.

நாற்காலி போட்டும் உட்காராமல், நின்றுகொண்டே வாசித்தார். பெரிய டீச்சர் தான் எழுதி வைத்த தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். முதல் கேள்வி ஒத்துப்போயிற்று. இரண்டு, மூன்று எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போயின. வாத்தியார் ஜன்னல் பக்கத்திலிருந்து மேஜைக்கு வந்துவிட்டார். நாலாவது கேள்வியில், "கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டியவன்" என்று வாசித்தவர் சட்டென்று நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் தினமும் வீட்டில் பாடத்தைச் சத்தமாக வாசிக்கிறவள் என்று வள்ளியம்மை சொல்லியிருக்கிறாள். கேட்டுக் கேட்டு இவருக்கும் மனப்பாடம். ராஜேந்திரன் என்று இவருக்குத் தெரியும். மகள் மேல் இருக்கிற ஆசையில் ஒரு பேரை மாற்றிச் சரியாகச் சொல்லிவிட்டாரானால், அத்தனையும் போயிற்று. என் பிள்ளைகளுக்கெல்லாம் சரியான விடை நினைவுக்கு வர வேண்டும் என்றுதான் அதுவரைக்கும் வேண்டியிருக்கிறேன். அன்றைக்கு, "முருகா, இந்த மனுஷன் வாயில தப்பான பேரு வரணும்" என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். தாளை ஒரு தடவை கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு "ராஜராஜன்" என்று வாசித்தார்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார் வாத்தியார்.

"தப்பா எழுதியிருக்கு சார். ராஜேந்திரன்னு வரணும். வீட்டுல சரியாத்தான் சொல்லும்."

"அப்போ சரியாவே வாசிச்சிருக்கலாமே? எங்களுக்கு எங்கே இந்த எழுத்து தெரியப் போகுது?"

"அது எழுதலையே சார்."

வாத்தியார் மீதியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சிவப்புப் பென்சிலை எடுத்து நாலாவது கேள்விக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார், மற்றதைக் கூட்டி அடியில் வட்டமிட்டார். பெரிய டீச்சர் ஆறாம் வகுப்பு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, கடைசி வரியில் செண்பகத்தின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். காத்தமுத்துவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதே, அங்கே என்ன எழுதுகிறார்கள் என்றுகூட அவருக்குப் புரியவில்லை. போகலாம் என்றதும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். ஒன்றாம் வகுப்பு வாசலில் மகள் நின்றிருந்தாள். விஷயத்தைச் சொல்ல நான் ஓடிப் போவதற்குள் அவர் அவளிடம் ஆரம்பித்துவிட்டார்: "ராஜேந்திரன் ராஜேந்திரன்னு தினம் கத்துவியே தாயி, இப்படி ஒரு மார்க்கை விட்டுட்டு வந்து நிக்கிறியே!"

இருபத்தாறு வருஷம் மணி அடித்ததில், சரியான விடை எழுதி மேல் வகுப்புக்குப் போன பிள்ளைகளை எண்ணி மாளாத அளவுக்குப் பார்த்துவிட்டேன். தப்பான விடையால் வகுப்பு ஏறியவள் அவள் ஒருத்திதான், அந்தத் தப்பு வர வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்ட ஆயாவும் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.